குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

என் அக்கா மகன் குளச்சலில் இருக்கிறான். பிளஸ் டூ முடிந்த கையோடு ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்கு வந்து நின்றான். தாளில் இப்படி எழுதியிருந்தான்: ஐ7 பிராசசர், 32 ஜிபி ரேம், கலர் கலராக எரியும் ஃபேன் ஆறு, கண்ணாடி கேபினெட். கீழே கோடு போட்டு, மொத்தம் 60,000.

"கிராபிக்ஸ் கார்டு எங்க மக்கா?"

"அது பிறகு போட்டுக்கிடலாம் மாமா. முதல்ல நல்ல பிராசசரா வாங்கிருவோம்."

கேம் விளையாட வாங்கும் கம்ப்யூட்டரில், திரைக்குப் படத்தை வரைந்து தருகிற கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது, மீன்குழம்புக்கு மீனைப் பிறகு போடலாம் என்பது மாதிரி. அவனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவன் பார்க்கும் வீடியோக்களில் விளம்பரமும் பாடமும் கலந்தே வருகின்றன. அந்த வீடியோ போடுகிறவர்கள் யாரும் குளச்சல் கடற்காற்றையோ ஐப்பசி இடியையோ பார்த்தவர்கள் இல்லை. அன்றைக்கு அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, எந்த வரிசையில் புதிதாக எழுதினோமோ அதே வரிசையில்தான் கீழே சொல்கிறேன்.

முதல் படி: என்ன கேம், எந்தத் திரை

கடைக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் கார்டைவிட பிராசசரை அதிகம் வேலை வாங்கும். நடுத்தரக் கார்டு இருந்தாலே அவை பறக்கும். பெரிய கதை விளையாட்டுகள் நேர் எதிர். காடும் மழையும் நகரமுமாக விரியும் அந்தக் கேம்களில் பாரம் முழுவதும் கார்டின் தலையில் விழும்.

அடுத்தது திரை. இந்த பட்ஜெட்டில் 1080பி (1920 x 1080 புள்ளி உள்ள திரை) தாண்டி யோசிக்க வேண்டாம். 24 இன்ச், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல், 100 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை ஏதாவது ஒன்று போதும். 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 140 படம் தயாரித்தாலும் மிச்சம் உங்கள் கண்ணுக்கு வராது. வீட்டில் இருக்கிற பழைய மானிட்டரையே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், கார்டிலும் அந்த அளவுக்கே செலவு செய்யுங்கள்.

விண்டோஸ் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வேலோரன்ட் ஓட வேண்டுமானால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் பயாஸில் (விண்டோஸுக்கு முன் கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) ஆன் ஆகியிருக்க வேண்டும். புது போர்டுகளில் (மதர்போர்டு) இரண்டுமே உண்டு. பழைய கம்ப்யூட்டரைத் தட்டித் தேற்ற நினைப்பவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வீட்டைப் பாருங்கள்

இதை எந்த வீடியோவும் சொல்லாது. நான் இதில்தான் அதிக நேரம் செலவழிப்பேன்.

உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் போய்ப் பாருங்கள். பெயின்ட் அடித்து இரண்டு வருஷத்தில் பொரிந்து துருப்பிடிக்கிறதா? அப்படியென்றால் அதே உப்புக்காற்றுதான் உங்கள் போர்டின் மேலும் படியப் போகிறது. குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம், கன்னியாகுமரி எனக் கடலோரம் முழுக்க இதே கதைதான். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் உப்பு குறைவு. ஆனால் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் அந்தக் காற்று, சீசனில் புழுதியை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வரும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரம். அலமாரியில் வைத்த துணியே பூசணம் பிடிக்கிற இடம் அது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையையும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. ஈரத்துக்கு இங்கே லீவு கிடையாது.

அதற்காகப் பயப்படத் தேவையில்லை. கம்ப்யூட்டரை மேற்கு ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். தரையில் வைக்காதீர்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மேஜை மேல் வையுங்கள். தினமும் ஓடுகிற கம்ப்யூட்டருக்கு ஈரம் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது, உள்ளே இருக்கும் சூடே உலர்த்திவிடும். பரீட்சை என்று இரண்டு மாதம் மூடி வைத்துவிட்டு எடுக்கும்போதுதான் ரேம் முரண்டு பிடிக்கும். அந்த மாதங்களிலும் வாரத்துக்கு இரண்டு நாள் அரை மணி நேரம் சும்மாவாவது ஓட விடுங்கள்.

அடுத்து எர்த். பழைய ஓட்டு வீடுகளிலும், பிறகு அறை அறையாகச் சேர்த்துக் கட்டிய வீடுகளிலும் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. கம்ப்யூட்டர் ஓடும்போது வெறுங்காலோடு நின்று கேபினெட்டின் ஸ்குரூவைத் தொட்டால் சுர்ரென்று ஒரு கடி கடிக்கும். பலர் இதைக் கம்ப்யூட்டரின் குணம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குக் கரண்டை மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின்சார இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் கரண்ட் எர்த்துக்குப் போக வேண்டும். எர்த் இல்லாததால் அது கேபினெட்டிலேயே நிற்கிறது. ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயின்ட்டுக்கு எர்த் வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் கார்டு வாங்கும் பணத்தில் கொஞ்சம் குறைத்தாவது எர்த் குழி போடுங்கள். கம்ப்யூட்டருக்கு மட்டுமில்லை, வாஷிங் மெஷினுக்கும் கிரைண்டருக்கும் சேர்த்து நல்லது. வீட்டில் செலவுக்கு சம்மதம் வாங்க இந்தக் காரணத்தையே சொல்லலாம். அக்காவிடம் நான் அப்படித்தான் சொன்னேன்.

மூன்றாம் படி: பணத்தைப் பங்கு போடுதல்

விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்த பிறகு எந்த விலைப் பட்டியலையும் நம்பி எழுத எனக்கு மனசில்லை. அதனால் கணக்கை நூறு ரூபாயாக வைத்துச் சொல்கிறேன். மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் தனி. சிபியு பெட்டிக்குள் போவது மட்டும் நூறு ரூபாய் என்றால், 35 முதல் 40 ரூபாய் கார்டுக்கு. பிராசசருக்கு 15, 17. போர்டுக்கு 12. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 7, 8. கேபினெட்டுக்கு 5. மீதி ரேமுக்கும், கேமைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டிக்கும். ரேம் விலை கூடியிருக்கும் காலத்தில் கேபினெட்டிலும் போர்டிலும் பிடித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்க வேண்டாம்.

மருமகன் தாளில் ஆறு ஃபேனுக்கும் கண்ணாடிக்கும் மட்டும் பதினைந்து ரூபாய் போயிருந்தது.

நான்காம் படி: கிராபிக்ஸ் கார்டு

முதல் விதி, கார்டின் சொந்த நினைவகம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. 4 ஜிபி கார்டு மலிவாக வருகிறது என்று கடைக்காரர் நீட்டுவார். புதிய கேம்கள் அதில் மூச்சு வாங்கும்.

இந்த பட்ஜெட்டில் நான் பல பேருக்குப் போட்டுக்கொடுத்தது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. 2021-இல் வந்த கார்டு, 8 ஜிபி, 132 வாட்தான் இழுக்கும், ஒரே ஒரு 8 பின் ஒயர் போதும். வயசானதுதான். ஆனால் 1080பி-க்கு இன்னும் நின்று விளையாடுகிறது, சூடும் குறைவு. கையில் இன்னும் கொஞ்சம் இருந்தால் ஆர்எக்ஸ் 7600, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, அதற்குப் பின் வந்த 5060 என்று மேலே போகலாம். வீடியோ எடிட்டிங், பிளென்டர் போன்ற 3டி மென்பொருள் என்று வேறு வேலையும் உண்டு என்றால் என்விடியா பக்கம் போவதில் லாபம் இருக்கிறது. கேம் மட்டும்தான் என்றால் அதே விலைக்கு ஏஎம்டியில் கூடுதல் வேகம் கிடைப்பதுதான் வழக்கம்.

இன்டெலின் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி நினைவகம் இருக்கிறது. ஆசை காட்டும். அதற்கு, கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக எட்ட விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் கட்டாயம் வேண்டும். பலம் குறைந்த பிராசசரோடு சேர்த்தால் அதன் வேகமும் விழுகிறது. புதுப் பிராசசர் வாங்குகிறவர்களுக்கு மட்டும் அது.

கார்டில் ஏமாறும் இடங்கள் மூன்றைச் சொல்லியாக வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு கார்டுகள் உண்டு. குறைவது நினைவகம் மட்டுமில்லை, 6 ஜிபி கார்டின் உள்ளே இருக்கும் சிப்பே இளைத்தது. அடுத்தது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. அது போர்டோடு நான்கு பாதையில் மட்டும் பேசும், பிசிஐஇ 3.0 (கார்டும் போர்டும் பேசும் வழியின் பழைய வகை) போர்டில் போட்டால் நொண்டும். மூன்றாவது ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி. பெயரில் 580 என்று இருந்தாலும் உள்ளே இருப்பது 570-க்குச் சமமான சிப். பெட்டியில் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

அந்த 3050 6 ஜிபி கார்டுக்கும் ஒரு இடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அது 70 வாட்தான் இழுக்கும், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் ஒயர் வேண்டாம். ஆபீஸ்களில் கழித்துவிடும் டெல், எச்பி டவர்களை ரீபர்பிஷ்டு என்று விற்கிறார்கள் அல்லவா? அதில் 8-ஆம் தலைமுறை ஐ5 உள்ளதாகப் பார்த்து வாங்கி, இந்தக் கார்டைச் செருகினால் முப்பதாயிரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கேமிங் கம்ப்யூட்டர் தேறும். விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வது 8-ஆம் தலைமுறையில் இருந்துதான். அதற்குக் கீழே போகாதீர்கள். ஒல்லி கேபினெட் மாடல் என்றால் குள்ளக் கார்டு வேண்டும், வாங்குமுன் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: பிராசசரும் போர்டும்

ஐ7 என்றால் ஐ5-ஐவிட நல்லது என்பது பாதி உண்மை. எந்தத் தலைமுறை ஐ7 என்பதே கேள்வி. 2017-க்கு முந்தைய ஐ7 ஒன்றை 2022-இல் வந்த ஐ3-12100எஃப் கேமில் சும்மா தாண்டிப் போகும். அதில் கோர் (கணக்குப் போடும் மூளை) நான்குதான். கடைசி எழுத்தில் எஃப் என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். தனிக் கார்டு போடப்போகிற நமக்கு அது போதும், விலையும் குறையும்.

இந்த விலையில் என் தேர்வு இரண்டு. ஏஎம்டியில் ரைசன் 5 5600, இன்டெலில் ஐ5-12400எஃப். இரண்டுமே ஆறு கோர், பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் எடுக்கும் வேலைகள்), 65 வாட் வகை. பெட்டியோடு வரும் கூலரே போதும், கூலருக்குத் தனியாகச் செலவழிக்காதீர்கள். இன்டெலில் இன்னும் சுருக்க வேண்டுமென்றால் மேலே சொன்ன 12100எஃப். ஏஎம்டியில் 5500 இன்னும் மலிவு. ஆனால் அதன் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்) 5600-இல் பாதிதான், பிசிஐஇ-யும் 3.0 தான். சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் என்றால் 5600-க்கே போங்கள்.

இப்போதைக்குக் கார்டு வாங்கவே காசு இல்லை, ஆறு மாதம் கழித்துத்தான் என்பவர்களுக்கு 5600ஜி உண்டு. அதில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. வேலோரன்ட் அதில் தாராளமாக ஓடும். மருமகன் சொன்ன "பிறகு போட்டுக்கிடலாம்" என்பதற்கு நேர்மையான வழி இதுதான்.

ஏஎம்5 போகலாமா என்று கேட்பார்கள். அது ஏஎம்டி பிராசசர் உட்காரும் புதிய சாக்கெட், 2022-இல் வந்தது, 2027 வரையாவது புதுப் பிராசசர் தருவோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நல்ல வழிதான். ஆனால் போர்டும் டிடிஆர்5 என்ற புது வகை ரேமும் சேர்ந்து கார்டுக்கான பணத்தைத் தின்றுவிடும். அறுபதாயிரத்துக்குக் கீழே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போர்டு விஷயத்தில் சுருக்கமாக: 5600-க்கு பி550, 12400எஃப்-க்கு எச்610 அல்லது பி660. ஏ520 வாங்கினாலும் ஓடும், பிசிஐஇ 3.0 ஆகிவிடும். பழைய ஸ்டாக் பி450 போர்டாக இருந்தால் பயாஸ் அப்டேட் செய்யாமல் 5600-ஐ அது அடையாளம் தெரிந்துகொள்ளாது. கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். ரேம் ஸ்லாட் நான்கு இருந்தால் பின்னால் உதவும்.

பெட்டி இல்லாமல் டிரே பிராசசர் என்று மலிவாகக் கிடைக்கும். கம்பெனி வாரன்டி இருக்காது, விற்றவர் தருவதுதான் வாரன்டி. விற்றவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் யோசிக்கலாம்.

ஆறாம் படி: ரேம், எஸ்எஸ்டி

16 ஜிபி. ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி குச்சி இரண்டு. இரண்டு வழியில் ஒரே நேரத்தில் தரவு ஓடும், 5600ஜி போன்ற உள் கிராபிக்ஸ் பிராசசரில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டிடிஆர்4 என்றால் 3200 வேகம். 32 ஜிபி பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

எஸ்எஸ்டி, போர்டிலேயே நேராகச் செருகும் என்விஎம்இ வகை, குறைந்தது 500 ஜிபி. முடிந்தால் 1 டிபி. பெரிய கேம் ஒன்றே நூறு ஜிபியைத் தாண்டுகிறது. பிசிஐஇ ஜென் 3-ஆ ஜென் 4-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கேமில் வித்தியாசம் தெரியாது.

ஏழாம் படி: எஸ்எம்பிஎஸ்

இங்கே என் சொந்தக் கதை ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன் எனக்காக முதல்முதலாக ஒரு கம்ப்யூட்டர் போட்டேன். கார்டு நல்லது, போர்டு நல்லது. எஸ்எம்பிஎஸ் மட்டும் கேபினெட்டோடு இலவசமாக வந்தது. மேலே 500 வாட் என்று பெரிய ஸ்டிக்கர். கையில் எடுத்தபோதே காலி டப்பா போல லேசாக இருந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. ஐப்பசியில் ஒரு சாயங்காலம், இடி தூரத்தில்தான். கரண்ட் போய்ப் போய் வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது பட்டாசு மாதிரி ஒரு சத்தம், பிறகு மீன் கருகிய மாதிரி ஒரு நாற்றம். எஸ்எம்பிஎஸ் தனியாகப் போகவில்லை, போர்டையும் கூட்டிக்கொண்டு போனது. கார்டு தப்பியது, அது என் அதிர்ஷ்டம். கொண்டுபோய்க் காட்டியபோது கடையில், "இடிக்கு வாரன்டி கிடையாது" என்றார்கள்.

எஸ்எம்பிஎஸ் செய்வது 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கித் தருவது மட்டுமில்லை. வோல்டேஜ் எகிறினால், ஷார்ட் ஆனால், பாரம் கூடினால் தானே அணைந்து மற்றதைக் காப்பாற்ற வேண்டும். மட்டமான யூனிட்டில் அந்தப் பாதுகாப்புச் சுற்றுகளே பெயருக்குத்தான்.

வாட் கணக்கு எளிது. 5600 முழு பாரத்தில் சுமார் 76 வாட், ஆர்எக்ஸ் 6600 132 வாட், போர்டு, ரேம், ஃபேன், எஸ்எஸ்டி எல்லாமாக ஒரு 50 வாட். கூட்டினால் ஏறக்குறைய 260. நல்ல 450 வாட் யூனிட் போதும், நாளைக்குப் பெரிய கார்டு போடும் எண்ணம் இருந்தால் 550. 750 வாட் தேவையே இல்லை. ஸ்டிக்கரில் மொத்த வாட்டைப் பார்க்காதீர்கள், 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்கினால் வரும் எண்தான் உண்மையான பலம்.

80 பிளஸ் பிரான்ஸ் என்ற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கு மட்டும்தான், தரத்துக்கு அது சான்று இல்லை. வாரன்டி காலத்தைப் பாருங்கள். ஐந்து வருஷம் தருகிற யூனிட்டை நம்பலாம். கோர்செர், கூலர் மாஸ்டர், டீப்கூல் எல்லாவற்றிலும் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. அந்தந்த மாடலின் பெயரைப் போட்டு விமர்சனம் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

யுபிஎஸ் வாங்கும்போது ஒரு கவனம். 600 விஏ என்று எழுதியிருப்பது பொதுவாக 360 வாட் தான் தாங்கும். மானிட்டரும், எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது வீணாகும் கரண்டும் சேர்ந்தால் கேம் நடுவில் நம் கணக்கு 300-ஐத் தாண்டும். தாங்கும், ஆனால் நுனியில் நிற்கும். 1000 விஏ நிம்மதி. கரண்ட் போனபின் கேமைத் தொடர்வதற்கு இல்லை, சேவ் செய்து அணைப்பதற்கு. வீட்டு இன்வெர்டரிலேயே போடலாமா என்றால், சைன் வேவ் இன்வெர்டராக இருந்து யுபிஎஸ் மோடில் ஓடினால் போடலாம். சதுர அலை தரும் பழைய இன்வெர்டரில் நல்ல எஸ்எம்பிஎஸ்களே சில சமயம் கோபித்துக்கொண்டு அணைந்துவிடும்.

இடி நேரத்தில் யுபிஎஸ்ஸும் ஸ்பைக் பஸ்டரும் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். பிளக்கையே பிடுங்க வேண்டும். மோடத்திலிருந்து வரும் நெட் ஒயரையும் சேர்த்து. பைபர் நெட் கண்ணாடி இழையில் வந்தாலும், மோடத்துக்குக் கரண்ட் சுவரிலிருந்துதானே வருகிறது. அங்கிருந்து உங்கள் போர்டுக்கு வருவது செம்பு ஒயர்.

எட்டாம் படி: கேபினெட்

முன்பக்கம் வலை வேண்டும், கண்ணாடி வேண்டாம். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியாகப் புழுதி புகாது. கழற்றிக் கழுவக்கூடிய பில்டர் இருக்கிறதா என்று கடையிலேயே கழற்றிப் பாருங்கள். கடலோரத்தில் மாதம் ஒருமுறை அதைக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

பின்னால் காலியாக இருக்கும் ஸ்லாட் ஓட்டைகளைத் தகடு போட்டு அடைத்தே வைக்க வேண்டும். பல்லி வரும். சூடான இடம் அதற்குப் பிடிக்கும். போர்டில் இரண்டு பின்னுக்கு நடுவில் அது படுத்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை.

ஒன்பதாம் படி: எங்கே வாங்குவது

நாகர்கோவில் கடைகளில் பிராசசர், போர்டு, ரேம் எல்லாம் கிடைக்கும். கார்டு ஒன்றிரண்டு மாடல்தான் கையிருப்பில் இருக்கும், மீதியை வரவழைத்துத் தருவார்கள். களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரமும் ஏறக்குறைய அதே தூரம்தான், அங்கேயும் விலை கேட்டுவிடுங்கள். சென்னை ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறுவது, வேறு வேலையாகப் போகும்போது மட்டும் லாபம்.

நான் செய்வது இது. ஆன்லைனில் விலை பார்த்துத் தாளில் எழுதிக்கொள்வேன். அதை உள்ளூர்க் கடையில் காட்டி, "இதுக்குப் பக்கத்துல வருமா அண்ணே?" என்று கேட்பேன். கார்டு, எஸ்எம்பிஎஸ் இரண்டும் ஆயிரம் ரூபாய் கூடினாலும் உள்ளூரில் வாங்குவேன். கெட்டுப்போனால் கூரியர் கட்டி அனுப்பி மூன்று வாரம் காத்திருப்பதைவிட, கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு வருவது மேல். ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். அதில் சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும். 18 சதவீத வரி இல்லாமல் தருகிறேன் என்பார்கள். பில் இல்லாத பொருளுக்கு வாரன்டி கேட்டுப் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது. ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை முதல் டேப் கிழிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள்.

நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். "சித்தப்பா வரும்போது கார்டு கொண்டுவரச் சொல்லலாமா?" என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வரும். விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால் சொல்லலாம். ஆனால் பல பிராண்டுகளின் வாரன்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். சுங்கத்தில் கேட்டால் காட்ட பில்லும் கையில் இருக்கட்டும்.

பழைய கார்டு வாங்கலாம், தவறில்லை. 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற டிஜிட்டல் நாணயத்துக்குக் கார்டு வைத்துத் தோண்டுவது (மைனிங்) முடிவுக்கு வந்தபோது, அதில் ஓடிய கார்டுகள் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. அவை இன்றும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. விற்பவர் வீட்டுக்கே போய், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஃபர்மார்க் என்ற இலவச மென்பொருளில் கால் மணி நேரம். சூடு ஏறி ஒரு இடத்தில் நிற்க வேண்டும், திரையில் புள்ளியோ கோடோ வரக் கூடாது. ஜிபியு-இசட் என்ற மென்பொருளையும் போட்டு, சொன்ன மாடல்தானா என்று பாருங்கள். அப்புறம் நம் ஊருக்கான சோதனை: கார்டின் பின்பக்கத் தகட்டையும் ஸ்குரூத் தலையையும் பாருங்கள். துரு இருந்தால் கடலோரத்தில் இருந்த கார்டு. அங்கே துரு என்றால் உள்ளேயும் பச்சை படிந்திருக்கும். எழுந்து வந்துவிடுங்கள்.

பத்தாம் படி: மாட்டுவது

மழை பெய்யாத ஒரு பகல் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே போர்டை வைத்து, பிராசசர், கூலர், ஒரு ரேம், கார்டு, எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். படம் வந்த பிறகு கேபினெட்டுக்குள் போகலாம். எல்லாவற்றையும் உள்ளே இறுக்கிவிட்டு, பிறகு ஓடவில்லை என்று கழற்றுவது பாதி நாளைத் தின்னும்.

5600-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும், விரல் படாமல் ஓரத்தைப் பிடியுங்கள். தங்க முக்கோணத்தையும் சாக்கெட் முக்கோணத்தையும் சேர்த்து வைத்தால் தானாக உள்ளே விழும். அழுத்தவே கூடாது. இன்டெலில் பின்கள் சாக்கெட்டில் இருக்கும், அங்கே எதையும் தவறவிடாதீர்கள். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் ரேம் இரண்டையும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். போர்டின் தலைமாட்டில் பிராசசருக்கென்று ஒரு 8 பின் இருக்கும். புதிதாக மாட்டுகிறவர்கள் மறப்பது அதைத்தான்.

ஓடத் தொடங்கியதும் பயாஸில் போய் எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் 3200 ரேம் என்று காசு கொடுத்து வாங்கியது 2133-லோ 2666-லோ ஊர்ந்துகொண்டிருக்கும். விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் ஹெர்ட்ஸை ஏற்றுங்கள். 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை ஒரு வருஷம் 60-இல் ஓட்டியவரை எனக்குத் தெரியும்.

மருமகனுக்குக் கடைசியில் அமைந்தது 5600, பி550, ஆர்எக்ஸ் 6600, 550 வாட் யூனிட், வலை போட்ட சாதா கேபினெட். ஃபேன் மூன்றுதான், அதில் ஒன்றாவது கலரில் எரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டான். எல்லாம் என் வீட்டில் வைத்து மாட்டி, ஓட்டிப் பார்த்து, பஸ்ஸில் மடியில் வைத்தே குளச்சலுக்குக் கொண்டுபோனான். ராத்திரி ஒன்பதரைக்கு போன்.

"மாமா, ஃபேன் சுத்துது. லைட்டு எரியுது. படமே வரல்ல."

"மானிட்டர் ஒயரை எங்க குத்தினே?"

"பின்னால, மேல உள்ளதுல."

5600-இல் கிராபிக்ஸ் கிடையாது என்று அவனிடம் நான்கு தடவையாவது சொல்லியிருப்பேன். மேலே இருப்பது போர்டின் எச்டிஎம்ஐ.

"கீழ, கார்டுல குத்து மக்கா."

போனை வைக்காமலேயே குத்தினான். அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது, "படம் வந்துட்டாடே?"